முதலில் ஜாக்கெட் வேண்டாம்

தையல் பழகப் போகிறேன் என்று சொல்பவரிடம் முதலில் என்ன தைக்கப் போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ஜாக்கெட் என்பார்கள். தையல் கூலி ஏறிவிட்டது, டெய்லர் சொன்ன தேதிக்குத் தருவதில்லை, தந்தாலும் கைப்பக்கம் இறுக்குகிறது என்று காரணமும் சொல்வார்கள். எல்லாம் நியாயம்தான். ஆனால் தையலில் உள்ள சிக்கல் மொத்தமும் அந்த ஒரு ஜாக்கெட்டுக்குள் இருக்கிறது: கழுத்து வளைவு, கைக்குழி, உடம்புக்குப் பொருந்தத் துணியைக் கூம்பாக மடித்துத் தைக்கும் டாட், கொக்கிப்பட்டி. முதல் வாரமே அதில் கை வைத்தவர்கள் இரண்டாம் வாரம் கத்தரிக்கோலைப் பரணில் போட்டுவிடுவார்கள். நானும் அப்படி ஒரு வருடம் போட்டு வைத்தவள்தான்.

அதனால் இங்கே சொல்லப்போகும் எதிலும் வளைவே கிடையாது. பை, சூடான பாத்திரம் பிடிக்கப் பிடிதுணி, தலையணை உறை, குழந்தைக்குப் பாவாடை, போர்வை எல்லாமே நீள்சதுரம். இஞ்ச் டேப் பிடிக்கத் தெரிந்தால் போதும். மெஷினும் வேண்டாம், கையால் தைத்தே முடிக்கலாம்.

துணி எங்கே கிடைக்கும்

வீட்டில்தான். நடுவில் கிழிந்த வேட்டியின் இரண்டு ஓரமும் நன்றாகவே இருக்கும். முட்டி தேய்ந்த பேன்ட்டில் முட்டிக்குக் கீழே துணி புதிது மாதிரி கிடக்கும். கட்டிக் கட்டி மெலிந்த பருத்திச் சேலையை விட மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. முதல் நான்கு உருப்படிகளுக்கு வெளியே போய்த் துணி வாங்காதீர்கள். காசு கொடுத்து வாங்கிய துணி என்றால் வெட்டவே கை நடுங்கும்.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்களுக்குப் பர்கூர் இருக்கிறது. சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் வரிசையாக ஜவுளிக் கடைகள். சூரத்திலிருந்து சரக்கு வருவதால் குட்டி சூரத் என்றே பெயர். சேலை மலிவு, உண்மை. ஆனால் அந்த மலிவுச் சேலைகளில் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். பாவாடைக்கு அது போதும், அடுப்படிக்கு ஆகாது. பைக்கும் அடுப்படிக்கும் காடா துணி என்று கேட்டு வாங்குங்கள். சலவை செய்யாத, பழுப்பு வெள்ளைப் பருத்தி, கெட்டியாக இருக்கும்.

பருத்தியா இல்லையா என்று சந்தேகம் வந்தால், ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாகிவிடும். கலப்புத் துணியில் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.

புதுத் துணி என்றால், அதுவும் காடா என்றால், ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். இதைச் செய்யாமல் நான் தைத்த தலையணை உறை, முதல் துவைப்பிலேயே சுருங்கித் தலையணையை வில் மாதிரி வளைத்துவிட்டது.

என்னென்ன வேண்டும்

கைத்தையல் ஊசி ஒரு பாக்கெட் (பல அளவு கலந்து வரும்), வெள்ளை, கறுப்பு நூல்கண்டு, இஞ்ச் டேப், டெய்லர் சாக், ஊக்கு பத்து. சாக் இல்லையென்றால் தேய்ந்து மெலிந்த குளியல் சோப்புத் துண்டு போதும், துவைத்தால் போய்விடும். இவையெல்லாம் சில்லறைக் காசு. காசு போட வேண்டியது கத்தரிக்கோலுக்கு மட்டும். நல்லதாக ஒன்று வாங்கி, அதில் துணியைத் தவிர வேறு எதையும் வெட்டாதீர்கள். பிள்ளைகள் ஒரே ஒரு தடவை அதில் பள்ளிக்கூட சார்ட் அட்டையை வெட்டினால் போதும், அப்புறம் அது துணியை வெட்டாது, மெல்லும்.

பருத்தித் துணிக்குக் கத்தரிக்கோல்கூட அதிகம் தேவைப்படாது. ஓரத்தில் ஒரு இஞ்ச் வெட்டிவிட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக் கிழியுங்கள். வேட்டியும் சேலையும் இழை போன போக்கில் நேராகக் கிழியும். கோடு போட்டு வெட்டுவதைவிட இது நேர்த்தி. பனியன் துணியும் ஜீன்ஸும் இப்படிக் கிழியாது, வெட்டத்தான் வேண்டும்.

மூன்றே மூன்று தையல்

முதலாவது ஓட்டுத் தையல். ஊசி மேலே கீழே என்று ஓடிக்கொண்டே போகும். துணிகளைத் தற்காலிகமாகப் பிடித்து வைக்க இதையே நீளம் நீளமாகப் போடுவார்கள், கச்சா என்று பெயர். பாரம் தாங்காது.

இரண்டாவது பின்தையல். இதுதான் மெஷின் தையலுக்குப் பதில். ஊசியை மேலே எடுங்கள். ஓர் அரிசி நீளம் பின்னால் போய்க் குத்தி, இரண்டு அரிசி நீளம் முன்னால் எடுங்கள். அடுத்த முறை குத்தும்போது, முந்தைய தையல் முடிந்த அதே ஓட்டையில் குத்த வேண்டும். மேலே பார்த்தால் இடைவெளியே இல்லாத கோடு ஓடும். உள்பக்கம் நூல் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், அது சரிதான்.

மூன்றாவது ஹெம்மிங். ஓரத்தை இரண்டு தடவை மடித்துக்கொண்டு, மடிப்பின் விளிம்பில் ஊசியை ஓட்டி, கீழே உள்ள துணியில் ஒரே ஒரு இழையை மட்டும் பிடித்து இழுப்பது. வெளிப்பக்கம் புள்ளி புள்ளியாகக்கூடத் தெரியக் கூடாது. தெரியும், முதல் மாதம் எல்லோருக்கும் தெரியும்.

நூலை ஒன்றரை முழத்துக்கு மேல் எடுக்க வேண்டாம். அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு மூன்று முழம் எடுத்தால், கோர்ப்பதில் மிச்சமான நேரம் சிக்கெடுப்பதில் போகும்.

பை

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கமே தொடங்கியது. ஆனாலும் சந்தையில் பை கொண்டுவராதவர்கள்தான் அதிகம். காரணம், வீட்டில் இருக்கும் பை ஒன்று சின்னதாக இருக்கும், இல்லையென்றால் காதறுந்து இருக்கும். நாம் தைப்பது 14 இஞ்ச் அகலம், 16 இஞ்ச் உயரம். ஐந்து கிலோ கேழ்வரகு தாராளமாகக் கொள்ளும்.

15 இஞ்ச் அகலம், 36 இஞ்ச் நீளத்தில் ஒரு துண்டு எடுங்கள். கைப்பிடிக்கு 4 இஞ்ச் அகலம், 22 இஞ்ச் நீளத்தில் இரண்டு பட்டி. பழைய பேன்ட் துணியாக இருந்தால் கைப்பிடி ஜென்மத்துக்கும் அறாது.

பெரிய துண்டை, நல்ல பக்கம் (கடைசியில் வெளியே தெரிய வேண்டிய பக்கம்) உள்ளே போகும்படி பாதியாக மடியுங்கள். மடிப்பு அடிப்பாகம் ஆகிவிடும், அங்கே தையலே வேண்டாம். இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து அரை இஞ்ச் உள்ளே பின்தையல் போட்டு வாருங்கள். வாய்ப் பக்கம் முதலில் அரை இஞ்ச், அடுத்து ஒன்றரை இஞ்ச் என்று உள்பக்கமாக மடித்து ஊக்கு குத்தி வையுங்கள்.

கைப்பிடிப் பட்டியின் இரண்டு நீள ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்து மடித்து, திரும்பவும் நடுவில் மடித்தால் நான்கு அடுக்கு, ஒரு இஞ்ச் அகலப் பட்டி கிடைக்கும். இரண்டு ஓரமும் தைத்துவிடுங்கள். பையின் இரண்டு பக்கத் தையலிலிருந்தும் மூன்றரை இஞ்ச் தள்ளி, வாய் மடிப்புக்குள் பட்டியின் நுனிகளைச் செருகி, மேல்நோக்கித் திருப்பி ஊக்கு குத்துங்கள். அப்புறம் வாய் மடிப்பைச் சுற்றிலும் தைத்து, கைப்பிடி உட்காரும் நான்கு இடத்திலும் சின்னச் சதுரம் ஒன்று தைத்து, அதற்குள் குறுக்கே பெருக்கல் குறி மாதிரி ஒரு தையல் போடுங்கள். பாரம் முழுவதும் அந்தப் பெருக்கல் குறியில்தான் நிற்கிறது.

என் முதல் பையில் அவசரத்தில் எல்லா இடத்திலும் ஓட்டுத் தையல்தான் போட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ராயக்கோட்டையில் தக்காளி மலிவு என்று நாலு கிலோ வாங்கி நிரப்பி, பேருந்துப் படியில் கால் வைத்தேன். பக்கத் தையல் மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் பிரிந்தது. தக்காளி படியில் இறங்கிச் சாலையைக் கடந்து போனது. கண்டக்டரே இறங்கிப் பொறுக்கித் தந்தார். பின்தையல் என்று நான் இத்தனை தடவை சொல்வதற்கு அதுதான் காரணம்.

மாவு, தானியம் வைக்கப் பை தைப்பதாக இருந்தால், உள்ளே பிசிர் இருக்கக் கூடாது. மாவில் நூல் விழும். அதற்கு வழி, தலைகீழாகத் தொடங்குவது. முதலில் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மடித்துப் பக்கங்களைக் கால் இஞ்சில் தையுங்கள். பிசிரை ஒட்ட வெட்டிவிட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி பையைத் திருப்பி, அதே ஓரத்தில் கால் இஞ்சுக்குக் கொஞ்சம் கூடுதலாக இன்னொரு தையல். இரண்டு தையலுக்கும் நடுவே பிசிர் சிறைப்பட்டுவிடும். கடைசியில் நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பிவிடுங்கள்.

பிடிதுணி

களி கிண்டும் வீட்டில் இது குறைந்தது இரண்டு வேண்டும். ஒரு கையில் துடுப்பு, இன்னொரு கையில் பானை விளிம்பு. சேலை முந்தானையால் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். முந்தானை பாலியஸ்டராக இருந்தால் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும்.

7 இஞ்ச் சதுரத்தில் ஜீன்ஸ் துணி இரண்டு, பழைய தேங்காய்ப்பூத் துவாலை இரண்டு வெட்டுங்கள். துவாலை உள்ளே, ஜீன்ஸ் வெளியே. நான்கையும் அடுக்கிக் குறுக்காக இரண்டு தையல், சுற்றிலும் ஒரு தையல். ஓரத்துக்கு இரண்டு இஞ்ச் அகலப் பருத்திப் பட்டியை மடித்துச் சுற்றி ஹெம்மிங் செய்து, மூலையில் மாட்ட ஒரு வளையம். அவ்வளவுதான். ஈரமாக இருக்கும்போது மட்டும் இதைக் கொண்டு சூடான பாத்திரத்தைத் தொடாதீர்கள். ஈரத் துணி சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும்.

தலையணை உறை

ஜிப் வேண்டாம், பட்டன் வேண்டாம். உள்மடிப்பு வைத்த உறை. பழைய பருத்திச் சேலை ஒன்றில் ஆறு உறை வரும். கணக்குப் பாருங்கள்: 17க்கு 27 இஞ்ச் தலையணைக்கு உறை 18க்கு 28. ஒரு உறைக்கு 19 இஞ்ச் அகலம், 64 இஞ்ச் நீளத் துணி வேண்டும். சேலை அகலம் ஏறக்குறைய 45 இஞ்ச், அதில் பக்கவாட்டில் இரண்டு. ஐந்தரை மீட்டர் என்பது சுமார் 216 இஞ்ச், நீளத்தில் மூன்று. மிச்சம் வரும் பார்டரை எறியாதீர்கள், பை வாய்க்குப் பட்டியாகும். சேலை நடுவில் நைந்திருந்தால் நான்கு உறைதான் தேறும், பரவாயில்லை.

19 இஞ்ச் பக்கங்கள் இரண்டையும் அரை இஞ்ச், அரை இஞ்ச் என்று இரண்டு மடிப்பு மடித்துத் தைத்துவிடுங்கள். நீளம் இப்போது 62. துணியை நல்ல பக்கம் மேலே பார்க்கும்படி தரையில் விரியுங்கள். ஒரு நுனியைத் தூக்கி, 28 இஞ்ச் அளவுக்கு மடித்துப் போடுங்கள். எதிர்ப்பக்கம் 6 இஞ்ச் துணி நீட்டிக்கொண்டு இருக்கும். அந்த 6 இஞ்சைத் தூக்கி, மடித்த துணியின் மேலே போடுங்கள். இரண்டு நீள ஓரங்களையும் அரை இஞ்ச் விட்டுத் தையுங்கள். நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பினால், அந்த 6 இஞ்ச் மடிப்பு தானாக உள்ளே போய்த் தலையணையின் வாயை மூடிக்கொள்ளும்.

படிக்கும்போது குழப்பமாக இருக்கும். ஒரு காகிதத்தைக் கிழித்து மடித்துப் பார்த்துவிட்டுத் துணியில் இறங்குங்கள். நான் முதல் உறையை மடிப்பு வெளியே நிற்கும்படி தைத்துவிட்டு, அதைத்தான் புது டிசைன் என்று வீட்டில் சொல்லிச் சமாளித்தேன்.

குழந்தைக்கு எலாஸ்டிக் பாவாடை

உடுப்பில் முதலில் தைக்க வேண்டியது இதுதான். இங்கே பர்கூர்ச் சேலையும் ஆகும், அம்மா ஒதுக்கிவைத்த சேலையும் ஆகும். சேலையின் பார்டரே பாவாடையின் அடிப்பக்கம் வருகிற மாதிரி வெட்டுவதில்தான் லாபம். கீழே மடித்துத் தைக்கும் வேலை மிச்சம், பார்டரும் எடுப்பாக இருக்கும்.

பிள்ளையின் இடுப்புச் சுற்றளவை எடுங்கள். 20 இஞ்ச் என்றால், சேலையின் நீளவாக்கில் 40 இஞ்ச் வேண்டும். கனமில்லாத துணி என்றால் 50 எடுத்தாலும் கொசுவம் அழகாக விழும். உயரத்துக்கு, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை அளந்து, எலாஸ்டிக் பட்டிக்கு 2 இஞ்ச், டக்குக்கு 4 இஞ்ச் சேருங்கள். இந்த டக்கை விட்டுவிடாதீர்கள். பார்டருக்கு மேலே துணியை 2 இஞ்ச் ஆழத்துக்கு மடித்து, சுற்றிலும் ஓட்டுத் தையல் போடுவது. அடுத்த வருடம் பிள்ளை வளர்ந்ததும் அந்தத் தையலைப் பிரித்தால் பாவாடை 4 இஞ்ச் நீளும். நம் வீட்டுப் பட்டுப்பாவாடைகள் மூன்று தீபாவளி கண்டது இப்படித்தான்.

வெட்டிய இரண்டு ஓரங்களையும் நல்ல பக்கம் உள்ளே வைத்துப் பின்தையலில் சேருங்கள், குழாய் மாதிரி ஆகும். மேல் ஓரத்தை அரை இஞ்ச், அப்புறம் ஒன்றரை இஞ்ச் மடித்துச் சுற்றித் தையுங்கள். இரண்டு இஞ்ச் மட்டும் தைக்காமல் வழி விடுங்கள். ஒரு இஞ்ச் அகல எலாஸ்டிக்கை இடுப்பளவைவிட 2 இஞ்ச் குறைவாக வெட்டி, நுனியில் ஊக்கு மாட்டி, அந்த வழியாக நுழைத்துச் சுற்றி வெளியே எடுங்கள். மறுநுனி உள்ளே ஓடிப்போகாமல் இருக்க, அதையும் துணியோடு ஊக்கால் மாட்டி வையுங்கள். நுனிகளை ஒரு இஞ்ச் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கெட்டியாகத் தைத்து, விட்ட வழியை மூடிவிடுங்கள். பிள்ளைக்குப் போட்டுப் பார்த்த பிறகு மூடினால் இன்னும் நல்லது. இடுப்பில் தடம் விழுந்தால் எலாஸ்டிக்கைத் தளர்த்தலாம்.

டக்கைக் கடைசியில் பிடியுங்கள், பிள்ளையை நிற்கவைத்து.

நைட்டியைக் குட்டையாக்குவது, பேன்ட் நீளம் குறைப்பது எல்லாம் இதே ஹெம்மிங்தான், தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டைப் பட்டன் தைக்கும்போது மட்டும் பட்டனுக்கு மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதன்மேல் நூலை ஓட்டுங்கள். தைத்ததும் குச்சியை உருவி, பட்டனுக்கும் துணிக்கும் நடுவே மூன்று சுற்று நூல் சுற்றி முடிச்சுப் போட்டால், காஜாவுக்குள் (பட்டன் ஓட்டைக்குள்) பட்டன் இறுக்கமில்லாமல் உட்காரும்.

பொந்த

ஓசூர், தளிப் பக்கம் மார்கழிக் குளிர் தெரிந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பழஞ்சேலைகளை அடுக்கி ஒட்டித் தைத்த போர்வை. தெலுங்கு பேசும் வீடுகளில் பொந்த என்பார்கள், கன்னடம் பேசும் வீடுகளில் கௌதி. என் அத்தை வீட்டில் வெறுமனே சேலைப் போர்வை. ஒரு கைத்தையல் பழகுபவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஓட்டுத் தையல் ஒன்றுதான், ஆனால் ஆயிரக்கணக்கில்.

ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையை மூன்றாக மடித்தால் 6 அடி நீளம், 3¾ அடி அகலத்தில் மூன்று அடுக்கு வரும். ஒரு ஆளுக்கு விரிக்கப் போதும். போர்த்திக்கொள்ளக் கனம் வேண்டுமென்றால், உள்ளே ஒரு பழைய வேட்டியை வையுங்கள். நைந்த இடங்கள் உள்ளடுக்கில் வரும்படி மடித்தால் வெளியே கெட்டியான பாகம் மட்டும் நிற்கும். பாலியஸ்டர் சேலை இதற்கு வேண்டவே வேண்டாம். வழுக்கும், வியர்வையை இழுக்காது.

அத்தை சொல்லித் தந்த முறை இது. சிமென்ட் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் அரிசிப்படி, குழவி என்று கனமாக எதையாவது வைத்து, சுருக்கமில்லாமல் இழுத்துவிட வேண்டும். நடுவிலிருந்து வெளியே, ஒரு சாண் இடைவெளியில் நீளக் கச்சா போட வேண்டும். நடுவில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஓரத்தில் தொடங்கினால் நடுவில் துணி குவிந்துவிடும், அதை எடுக்க வழியே கிடையாது. கச்சா முடிந்ததும் அடுக்குகள் நகராது, மடியில் போட்டுத் தைக்கலாம்.

இனி உண்மையான தையல். பிரியும் ஓரங்களை உள்ளே மடித்துச் சுற்றிலும் ஒரு வரி. அதற்கு ஒரு விரல் உள்ளே அடுத்த வரி. இப்படியே ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். கொஞ்சம் தடித்த ஊசி, இரட்டை நூல். கிழிசல் தெரிந்தால் வேறு கலர்த் துணியில் ஒட்டு வைத்து, அதன் ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டே போகலாம். ஒட்டு இல்லாத பொந்த பார்க்க மொட்டையாகத்தான் இருக்கும்.

ஒரு நாளைக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் முதல் போர்வைக்கு அவசரப்பட்டு, வரிகளுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி விட்டேன். அத்தை புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, ஏர் ஓட்டுன மாதிரி இருக்குது, நடுவுல ரெண்டு வரி போடு" என்றார். போட்டேன். முதல் வரியையும் கடைசி வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே ஆள் தைத்தது என்று சொல்ல முடியாது.

எல்லா வரியும் முடிந்த பிறகு கச்சாவைப் பிரித்துவிடுங்கள்.

மெஷின் எப்போது

போர்வை ஒன்று முடித்த பிறகும் ஆசை இருந்தால். புதிதாக வாங்குமுன், பக்கத்து வீட்டில் தூங்கும் மிதி மெஷினைக் கேட்டுப் பாருங்கள். எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றினால் பெரும்பாலும் ஓடிவிடும். கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர் போன்ற பெண்களுக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. 20 முதல் 40 வயது வரம்பு உண்டு, தையல் தெரியும் என்பதற்குச் சான்றும் கேட்பார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள், தர்மபுரியானாலும் கிருஷ்ணகிரியானாலும் கலெக்டர் ஆபீசில் கேட்டால் வழி சொல்வார்கள்.

மெஷின் வந்ததும் முதல் நாள் நூல் கோர்க்காமல், கோடு போட்ட நோட்டுப் பேப்பரை ஊசிக்கடியில் வைத்துக் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகுங்கள். அந்தப் பழைய ஊசியை அப்புறம் துணிக்குப் பயன்படுத்தாதீர்கள், முனை மழுங்கியிருக்கும்.

பொந்தயைத் துவைக்கும் நாளைச் சொல்ல மறந்துவிட்டேன். நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் காலையிலேயே நனைத்துவிடுங்கள். ஈரத்தில் அது ஒரு ஆள் தூக்கும் கனமாக இருக்காது. பிழிய இரண்டு பேர் வேண்டும், ஆளுக்கொரு முனை.